சித்தி மகள்

டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் அதில் பிரேக் இரண்டு இடத்தில் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கைக்குக் கீழே ஒன்று. வாரநாட்களில் அந்தப் பக்கத்து இருக்கை தார்சீசியோவுக்குச் சொந்தம். வட இத்தாலியின் உதினே நகரத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் ஸ்டீயரிங்குக்கு மாறிவிடுவார். கூரை மேலிருக்கும் பள்ளிப் பலகையைக் கழற்றி டிக்கியில் போட்டு, அதன் மேல் ஒரு போர்வையையும் விரித்துவிடுவார். ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் ஒர்னெல்லா பையோடு காத்திருந்து ஏறிக்கொள்வாள்.

நாலு வருஷமாக இப்படித்தான். ஒரே ஒரு ராத்திரி, ஏதாவது ஒரு மலைக் கிராமம். இந்தப் பக்கத்து ஆல்ப்ஸில் ஒர்னெல்லா பார்க்காத குக்கிராமம் பாக்கி இல்லை. பத்து வீடு, ஒரு கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி, குரைக்கச் சோம்பல்படும் ஒரு நாய். அவளுக்கு அந்த ஊர்களைப் பிடித்திருந்தது. அங்கே எதற்காக வருகிறோம் என்பதுதான் பிடிக்கவில்லை. "எவ்வளவு அமைதியா இருக்கு பாரு" என்று தார்சீசியோ ஒவ்வொரு ஊரிலும் மறக்காமல் சொல்வார். அமைதியாவது மண்ணாவது. அவரைத் தெரிந்தவன் ஒருத்தனும் அங்கே இல்லை, அதுதான் விஷயம்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் அது. ஆற்றை ஒட்டிக் கார்னியா மலைக்குள் ரோடு வளைந்து ஏறும் இடத்தில் ஒர்னெல்லா தன் காலடியிலிருந்த பிரேக்கை அழுத்தினாள். வண்டி பனிமேட்டோரம் முனகிக்கொண்டு நின்றது.

"ஐயோ, என்ன பண்றே?"

"கேள்விக்குப் பதில் சொல்லு வாத்தியாரே. போன்ல ரூம் கேட்டப்போ என்னை யாருன்னு சொன்னே?"

தார்சீசியோ கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வண்டி எதுவும் வரவில்லை. பாவம், தப்பிக்க ஒரு லாரிகூட இல்லை.

"சும்மா ஒரு பேச்சுக்கு... சித்தி மகள்னு சொன்னேன்."

"போன தடவையும் அதான். அதுக்கு முந்தின தடவையும் அதான். உங்க அம்மாகூடப் பிறந்தவங்களே கிடையாது. எத்தனை சித்தியைத்தான் பெத்துப் போடுவே?"

"டெபோரா காதுக்குப் போயிடக் கூடாது, அவ்வளவுதான். அவளே சொந்தக் கவலையில இருக்கா."

"உன் பொண்ணுக்கு என்ன கவலை? வாரம் தவறாம என் கடைக்கு வர்றா. நல்லாச் சிரிச்சுப் பேசறா. கவலை எல்லாம் உனக்குத்தான்."

அது உண்மை. தார்சீசியோவின் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அடக்கத்தன்று கல்லறை வாசலில் மகளைக் கட்டிக்கொண்டு, இனி எனக்கு நீ மட்டும்தான் என்று அவர் அழுதார். மகள் கேட்டு வாங்கிய சத்தியமல்ல அது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கத் தெரியாத மனுஷன். மகளோ குழந்தைகளுக்குச் சட்டை தைத்து விற்கிறவள். பட்டனும் ஜிப்பும் வாங்க ஒர்னெல்லாவின் கடைக்குத்தான் வருவாள். ஒர்னெல்லா ஒவ்வொரு முறையும் எண்ணிக் கொடுத்ததற்கு மேல் ஒரு பட்டனைப் பொட்டலத்தில் போட்டுக் கொடுப்பாள். "தொலைஞ்சா இருக்கட்டும்மா" என்பாள். டெபோரா நன்றி சொல்லிவிட்டுப் போவாள். அவள் தெரு திரும்பும்வரை ஒர்னெல்லா கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நல்லாக் கேட்டுக்கோ," என்றாள். "இன்னும் ஒரு தடவை உன் வாயால என்னைச் சித்தி மகள்னு சொன்னே, நான் ஊர் திரும்பிடுவேன். அதுக்கப்புறம் உன்கூட எந்த மலைக்கும் வர மாட்டேன். வண்டியை எடு."

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். அவர் கியரைப் போட்டார்.

ப்ராதமோர் என்ற அந்த ஊர் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் அதைவிடச் சின்னதாக சியெர்ஸ். விடுதி நடத்துகிற டீர்ச்சே எழுபதைத் தொட்டவள், கதவைத் திறக்கும்போதே பேச்சையும் திறந்துவிட்டாள்.

"வாங்க தம்பி, வாங்க. போன்ல பேசின டிரைவிங் வாத்தியார் நீங்கதானே? ரெண்டு ரூம் சூடு பண்ணி வெச்சிருக்கேன், உங்களுக்கொண்ணு, தங்கச்சிக்கொண்ணு. சித்தி மகளா? முகஜாடைகூட லேசா ஒத்துப்போகுது."

ஒர்னெல்லா தார்சீசியோவைப் பார்த்தாள். இதுதான் இடம், இப்போது திருத்து என்று அந்தப் பார்வை கத்தியது. அவர் குனிந்து ஷூவிலிருந்த பனியைத் தட்டினார். தட்டினார், தட்டினார், ஷூ தேயும்வரை தட்டினார். வாயால் சொல்லவில்லை என்பதால் இதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று ஒர்னெல்லா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேஜையில் டீர்ச்சே சுடச்சுட ஃப்ரிக்கோவை வெட்டி வைத்தாள். சீஸும் உருளைக்கிழங்கும் ஓரம் முறுகும்வரை வறுத்த அடை அது, பக்கத்தில் சோளமாவில் கிண்டிய மஞ்சள் பொலெந்தாக் களி. வைத்துவிட்டுப் போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி பொண்டாட்டி வரலையா?"

"தவறிட்டா. ஆறு வருஷம் ஆச்சு."

"அடடா. தனியாவா இருக்கீங்க? இந்த வயசுல? உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"பரவாயில்லைங்க."

"தங்கச்சிக்கு?"

"எனக்கு எப்பவோ விவாகரத்து ஆயிடுச்சு," என்றாள் ஒர்னெல்லா. வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "என்னைப் பாத்து இவ என்னோட ஆளுன்னு சொல்லிக்க இந்த உலகத்துல ஒருத்தரும் இல்லைக்கா" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

டீர்ச்சேயின் கண்ணில் ஏதோ பளிச்சிட்டது. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே யாரிடமோ குசுகுசுவென்று பேசுவது கேட்டது. தார்சீசியோ களியைக் கிண்டிக்கொண்டே இருந்தார், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

பிறகு இரண்டு பேரும் ஓடையைக் கடந்து சியெர்ஸ் வரை நடந்தார்கள். வீடுகள் மறைந்ததும் அவர் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தால் நன்றாகவே பிடிப்பார், அதில் குறை சொல்ல முடியாது. அவள் காலுறையில் பனி ஏறாமல் முன்னால் நடந்து தடம் போட்டுக் கொடுத்தார். தன் மாணவன் ஒருத்தன் ரவுண்டானாவை மூன்று தடவை சுற்றிவிட்டு வெளியே வர வழி தெரியாமல் அழுத கதையைச் சொன்னார். அவள் சிரித்தாள். இந்த மனுஷனை விட முடியாமல் இருப்பது இதனால்தான் என்று நினைத்தாள், நினைத்ததில் எரிச்சலும் வந்தது.

வளைவில் பனி தள்ளும் வண்டி ஒன்று எதிரே உறுமிக்கொண்டு வந்தது. தார்சீசியோவின் கை சட்டென்று அவள் கையை விட்டுவிட்டுக் கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

"பிரேக் போட்டுட்டியா?" என்றாள் ஒர்னெல்லா.

வண்டியிலிருந்து தலையை நீட்டினவன் எர்மெஸ். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், சிவந்த கன்னம், காதை மூடிய கம்பளித் தொப்பி. "டீர்ச்சே அக்கா விருந்தாளிங்களா? சீக்கிரமாத் தூங்கிடாதீங்க. இன்னைக்கு வட்டு விடற நாள்" என்றான். சொல்லும்போது ஒர்னெல்லாவைத் தேவைக்கு மேல் ஒரு கணம் பார்த்தான். அவளும் பார்த்தாள், அதிலென்ன.

மலை சீக்கிரம் இருட்டிவிட்டது. ஊருக்கு மேலே மரம் வெட்டிய மொட்டைச் சரிவில் பெரிய தீ எரிந்தது. இளவட்டங்கள் எல்லாம் அங்கே. மற்ற ஊர் ஜனம் கீழே கோயில் வாசலில், கிராம்பு போட்டுக் கொதிக்க வைத்த ஒயினைக் குடித்துக்கொண்டு நின்றது. மேலே கையகல மர வட்டுகளை நெருப்பில் போட்டு, கனிந்து சிவந்ததும் நீளக் குச்சி நுனியில் குத்தி எடுத்து, சாய்வான பலகையில் ஓங்கி ஒரு அடி. வட்டு பொறி பறக்கக் காற்றில் எழும்பி, ஊர்க்கூரைகளுக்கு மேலே வளைந்து ஓடைப்பக்கம் இறங்கும். அடிப்பதற்கு முன்னால் அது யார் பேருக்கு என்று ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூவ வேண்டும். முதல் வட்டு ஊர்ப் புனிதருக்கு. இரண்டாவது பங்குச் சாமியாருக்கு. அப்புறம் ஜோடிகள்.

"போகுது, போகுது, இந்த வட்டு போகுது!" என்று மேலிருந்து குரல் வரும்.

"யாருக்குப் போகுது?" என்று கீழே எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள்.

நிச்சயமான ஜோடிகளுக்கு முதலில் பறந்தது. அப்புறம் நிச்சயமாகாதவர்கள், ஆனால் ஊருக்குத் தெரிந்தவர்கள். அப்புறம் ஊராகச் சேர்த்துவைத்து வேடிக்கை பார்க்கிற ஜோடிகள். ஒவ்வொரு பேருக்கும் சிரிப்பு, விசில். ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள், அவள் அம்மா பின்னாலேயே ஓடினாள். ஒர்னெல்லாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சும்மா ஒளிந்து ஒளிந்து பார்ப்பதை எல்லாம் ஒரே போடில் வெட்டவெளிக்கு இழுத்துப் போடுகிறார்களே என்று நினைத்தாள்.

"போகுது, போகுது! டீர்ச்சே அக்கா வீட்டு விருந்தாளி, டிரைவிங் வாத்தியார் தார்சீசியோவுக்கும், நம்ம தபாலாபீஸ் வில்மாவுக்கும்!"

கூட்டம் அதிர்ந்தது. வில்மா என்ற கனத்த விதவை கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி, "எங்கே அந்த மாப்பிள்ளை? லைசென்ஸ் இருக்கான்னு பாக்கணும்!" என்றாள். வட்டு அழகாகப் பறந்தது. தார்சீசியோ தன் மஃப்ளரை மூக்கு வரை ஏற்றிக்கொண்டார்.

"போகுது, போகுது! வாத்தியாரோட சித்தி மகள் ஒர்னெல்லாவுக்கும், பனிவண்டி எர்மெஸுக்கும்!"

டீர்ச்சே திருப்தியாகத் தலையை ஆட்டினாள். குசுகுசுத்தது எதற்கு என்று ஒர்னெல்லாவுக்கு இப்போது விளங்கிவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கூட்டம் வழிவிட, எர்மெஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இரண்டு கோப்பை ஒயினோடு வந்தான். ஒன்றை அவளிடம் கொடுத்தான், மற்றதை தார்சீசியோவிடம் நீட்டினான்.

"குடிங்க மச்சான்," என்றான்.

கூட்டம் மறுபடி சிரித்தது. மச்சான் கோப்பையை வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்?

"முறைப்படி உங்ககிட்டத்தான் கேக்கணும்," என்றான் எர்மெஸ். கிண்டல் பாதி, நிஜம் பாதி. "அப்புறம் ஹால்ல ஆட்டம் இருக்கு. உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போய் ஆடலாமா? சொல்லுங்க மச்சான்."

ஒர்னெல்லா சிரிப்பை நிறுத்தினாள். "கேக்கறாரே, பதில் சொல்லு," என்றாள்.

பத்துப் பதினைந்து முகங்கள் தார்சீசியோவைப் பார்த்தன. யாருக்கும் அவரைத் தெரியாது, யாருக்கும் டெபோராவைத் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க," என்றார். "அவ... என் சித்தி மகள்தானே. அவ இஷ்டம்."

ஒர்னெல்லாவுக்குக் கோபம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நாலு வருஷம் வீணாகிவிட்டது என்று தெளிவாக, நிதானமாக நினைத்தாள்.

"காலைல கீழே போக பஸ் இருக்கா அக்கா?" என்று டீர்ச்சேயிடம் கேட்டாள்.

"திருநாளன்னைக்கு ஏது பஸ்?"

"நான் விடியறப்பவே வண்டியைக் கீழே கொண்டுபோவேன்," என்றான் எர்மெஸ். "ஸ்டேஷன்ல இறக்கிவிடறேன். சீட்டு கொஞ்சம் முரடு."

"பரவாயில்லை. என்னை எழுப்பிவிடுங்க. இப்போ ஆடலாம் வாங்க."

அவள் தார்சீசியோ பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் அவர் அங்கே இல்லை. ரூமுக்குப் போய்ப் போர்வைக்குள் புகுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. எர்மெஸ் தன் வண்டியைப் பற்றி, விவாகரத்தான தன் தம்பியைப் பற்றி, பல்வலியைப் பற்றி எல்லாம் சொன்னான். நல்ல மனுஷன்தான். அவள் ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

மேலே வட்டு விடுவது சிறிது நேரம் நின்றிருந்தது. பிறகு ஒரு குரல் வந்தது. இளவட்டக் குரல் இல்லை. மூச்சு வாங்குகிற குரல், கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு "இடது, இடது, மெதுவா" என்று சொல்லியே பழகின குரல்.

"போகுது... இந்த வட்டு... போகுது..."

"யாருக்குப் போகுது?"

ஏதோ சொன்னது. கேட்கவில்லை.

"சத்தமா!" என்று கீழே கத்தினார்கள். "தொண்டைல என்ன களியா அடைச்சிருக்கு? யாருக்கு?"

"எனக்கும்! தார்சீசியோவுக்கும்! ஒர்னெல்லாவுக்கும்!"

"எந்த ஒர்னெல்லா? உன் சித்தி மகளா?" என்று வில்மா கோயில் வாசலிலிருந்து அலறினாள். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. எர்மெஸ் மட்டும் சிரிக்கவில்லை, ஒர்னெல்லாவின் முகத்தைப் பார்த்தான்.

"சித்தி மகள் இல்லை!" குரல் உடைந்தது. "எனக்குச் சித்தியே கிடையாது! பொய் சொன்னேன்! நாலு வருஷமா அவதான் எனக்கு எல்லாம்! பயந்து பயந்து ஊர் ஊரா ஒளிச்சுக் கூட்டிட்டு வந்தேன்! கேக்குதா? அவ என்னோட ஆளு! நான் அவளோட ஆளு!"

அந்தக் கடைசிச் சொல் ஓடையைத் தாண்டி சியெர்ஸ் மலையில் மோதித் திரும்பி வந்தது. அப்புறம் பலகையில் அடி விழும் சத்தம். வட்டு எழும்பவே இல்லை. தவளை மாதிரி இரண்டு தத்துத் தத்திப் பனியில் விழுந்து அணைந்தது. கீழே ஓவென்று கத்தினார்கள், யாரோ விசிலடித்தார்கள்.

ஒர்னெல்லா கோப்பையை டீர்ச்சேயின் கையில் திணித்துவிட்டுச் சரிவுப் பாதையை நோக்கி நடந்தாள். எர்மெஸும் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான், வழுக்குமே என்று. பாதி வழியில் தார்சீசியோ இறங்கிக்கொண்டிருந்தார். நகரத்து ஷூ, முழங்கால் வரை பனி, புருவத்தில் கரி, கருகிப்போன கோட்டுக் கை விளிம்பு.

"கேட்டுச்சா?" என்றார்.

"இல்லை," என்றாள் ஒர்னெல்லா.

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரும்பி மறுபடி மேலே ஏறத் தொடங்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் இரண்டு தடவை சறுக்கினார். இந்த ஆள் நிஜமாகவே ஏறிவிடுவார் என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய்க் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"போதும், நில்லு. விழுந்து வெக்காதே. கீழ எல்லாரும் போன்ல வீடியோ எடுத்து நெட்டுல போட்டிருப்பாங்க. விடிஞ்சதும் டெபோரா பாத்துடுவா, தெரியுமா?"

"பாக்க வேண்டியதில்லை," என்றார் தார்சீசியோ. "ஏறும்போதே அவளுக்குப் போன் போட்டேன். நேரா சொல்ல வாய் வரலை. கட் பண்ணாம கேளுன்னு மட்டும் சொல்லிப் பையில போட்டுக்கிட்டேன்."

பையிலிருந்து எடுத்தார். விரல் விறைத்திருந்ததில் எதையோ அழுத்த, டெபோராவின் குரல் பனியில் உரக்க ஒலித்தது.

"அப்பா? அப்பா! லைன்ல இருக்கீங்களா? என்னப்பா அது, யாருப்பா அந்த ஒர்னெல்லா?"

தார்சீசியோ ஒர்னெல்லாவைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை. காலுக்கடியில் இப்போது பிரேக்கும் இல்லை.

"பட்டன் கடை ஒர்னெல்லாதாம்மா," என்றார், கத்தாமல், சாதாரணக் குரலில்.

எர்மெஸ் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு மரத்துப் பக்கம் திரும்பி நின்றான்.

"எப்பவும் ஒரு பட்டன் கூடப் போட்டுக் குடுப்பாங்களே," என்றாள் டெபோரா மெதுவாக. "அவங்களா?"

"அவதான்."

போனில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எனக்கு உங்க மேல கோவமா வருதுப்பா. நாலு வருஷமா அவங்க கடைக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லலை நீங்க. அவங்க பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா."

"போனை அவங்ககிட்டக் குடுங்க."

தார்சீசியோ போனை நீட்டினார். அன்று முழுக்க எல்லாருக்கும் சுடச்சுடப் பதில் வைத்திருந்த ஒர்னெல்லா, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள்.

"நான்தாம்மா," என்றாள்.